கொஞ்சம் வேலை இருக்கும் வண்டி

மத்தியானம் இரண்டு மணி... வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். பழைய கல்குவாரிக்குப் போகிற ரோடு. ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். செம்மண், பள்ளம், பள்ளத்தில் முந்தின நாள் மழைத் தண்ணீர். ஆள் கிடையாது. நாய் கிடையாது. குவாரியை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டதால் அந்தப் பக்கம் போக யாருக்கும் வேலையும் கிடையாது.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னான்? மத்தியானம் என்று ஆரம்பித்ததுமே கண்டக்டர் சிரிக்கிறான் பாருங்கள். சிரி, சிரி. கரண்ட் வருவதற்குள் அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று நானும் பார்க்கிறேன். முதல் பஸ்ஸை எடுக்கிற வரைக்கும் இந்த டிப்போ ஓய்வறையை விட்டால் நமக்குப் போக்கிடம் இல்லை. வெளியே மழை வேறு. கொசுவர்த்தி ஒன்றுதான் இருக்கிறது, நெருக்கி உட்காருங்கள். ஒரே ஒரு கண்டிஷன். நடுவில் எவனாவது 'அப்புறம்?' என்று கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிடுவேன்.

இது எங்கேயோ கேட்டது இல்லை. என் சகலைக்கு நடந்தது. என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். நசுங்கின வண்டியைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கிற வேலை. அவரோடு சேர்ந்து வேலை பார்ப்பவன் என் மச்சினன். இரண்டு அக்காக்களுக்கும் ஒரே தம்பி. சகலையைப் பெரிய மாமா என்பான், என்னைச் சின்ன மாமா என்பான். அவனுக்கு வாய் நீளம். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். காலையிலிருந்து எலியும் பூனையுமாக அடித்துக்கொள்வார்கள், சாயங்காலம் டீக்கடையில் ஒரே டீயைப் பாதிப் பாதி ஊற்றிக் குடிப்பார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் இன்னொருவனைக் கொல்லப் பார்த்தாரா, இல்லையா? எங்கள் குடும்பத்தில் இன்றைக்கு வரைக்கும் அதுதான் கேள்வி. என் மனைவியும் அவள் அக்காவும் அதனால்தான் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அக்காவுக்குப் புருஷன் பக்கமும் போக முடியவில்லை, தம்பி பக்கமும் போக முடியவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அவர்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்குப் பக்கத்தில் எவனாவது குனிந்தோ படுத்தோ வேலை செய்தால், டிரைவர் சீட்டில் இருப்பவன் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போட்டுவிட வேண்டும். கீழே இருப்பவன் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு கையும் தெரிய வேண்டும். கை வெளியே இருந்தால் ஸ்டியரிங்கையும் தொட முடியாது, கியரையும் தொட முடியாது. சகலை ஏற்படுத்தின சட்டம்தான் அது.

வண்டி வந்த கதைக்கு வருகிறேன். அந்தக் குவாரியின் முதலாளி செத்துப் பல வருஷம். அவர் மனைவி ஆள் அனுப்பியிருந்தார், கொட்டகையில் பழைய வேகன் ஒன்று நிற்கிறது, எடுத்துப் போய் விற்றுக் கொடுங்கள் என்று. இரண்டு பேரும் போனார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற அந்தக் காலத்து வேகன். முன்னால் தடி இரும்பு பம்பர். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்ச். தரைத் தகடு துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. கதவைத் திறந்ததும் எலி மூத்திர நாற்றம், பழைய கிரீஸ் நாற்றம். அதற்கும் அடியில் இன்னொரு வாடை... உதடு வெடித்து ரத்தம் வாய்க்குள் போனால் ஒரு ருசி தெரியுமே, அது வாடையாக வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

அந்த அம்மா கொட்டகைக்குள் வரவில்லை. வெளியிலேயே நின்று பேசினார்.

"ரிப்பேர் எதுவும் பண்ணாதீங்க. இப்படியே யாருக்காவது குடுத்துடுங்க."

"பண்ணினா என்னம்மா?" என்று மச்சினன் கேட்டிருக்கிறான்.

"பண்ணினா ஓடும்."

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம்.

பழைய வண்டி விற்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் மாதிரி ஆள் வண்டி வாங்கினால் பளபளவென்று இருக்க வேண்டும். சேகரிக்கிற பணக்காரனுக்கு அப்படி இல்லை. துரு துருவாகவே இருக்க வேண்டும், கிழிசல் கிழிசலாகவே இருக்க வேண்டும். பட்டி போட்டு மழுப்பினால் முகத்தைச் சுளிப்பான். ஆனால் வண்டி உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்கு ஸ்டார்ட் மட்டும் ஆக வேண்டும். அதனால் என்ஜினையும் பிரேக்கையும் சரி பண்ணிவிட்டு மற்றதில் கை வைக்கவில்லை. டிரைவர் சீட்டைக்கூடக் கழற்றவில்லை. வேறு எந்த வண்டி பட்டறைக்குள் வந்தாலும் சீட்டைக் கழற்றி வெயிலில் போடுவதுதான் முதல் வேலை. இதில் போடவில்லை. அந்த முதலாளி உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த சீட் அப்படியே இருந்தது.

விளம்பரம் எழுதினது மச்சினன். 'கொஞ்சம் வேலை இருக்கிறது.' இந்த வரியை எங்கே பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்பர் பிளேட் மட்டும் மிச்சம் இருக்கிற வண்டிக்குக்கூட இதைத்தான் எழுதுவான்கள். படம் எடுப்பதற்காகச் சகலையை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான்.

"மாமா, கொஞ்சம் சிரிங்க. வண்டியை விட நீங்கதான் பழசா தெரியறீங்க."

சகலை இறங்கினார். முன்னால் செருகிச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற இரும்பு ஹேண்டில் தரையில் கிடந்தது. அதை எடுத்து அவன் தோளில் ஓங்கி அடித்தார். அவன் சுருண்டு விழுந்த பிறகும் ஒன்று போட்டார். மூன்றாவதுக்கு ஓங்கின கையைப் பக்கத்துக் கடை வெல்டர் வந்து பிடித்துக்கொண்டான்.

கோபக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை அவன்மேல் கை வைத்ததே கிடையாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், திரும்பி வரும்போது அழுதிருக்கிறார். "என்னன்னே தெரியலடா" என்றாராம். "விடுங்க மாமா, வெயில்" என்று அவன் சமாதானம் சொல்லியிருக்கிறான்.

விளம்பரத்தைப் பார்த்து ஒரு பல் டாக்டர் வந்தார். பழைய வண்டிப் பைத்தியம். சேற்றில் இறக்கி, நாலு சக்கரமும் இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்றார். நியாயம்தான். அவருக்கு முன்னால் மானம் போகக் கூடாது, முதலில் நாமே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று இவர்கள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். அந்தக் குவாரி ரோட்டுக்கு... மத்தியானம் இரண்டு மணிக்கு.

பெரிய பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கி நின்றுவிட்டது. பின்சக்கரம் வெறுமனே சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. கிளட்ச் கருகுகிற நாற்றம்.

இந்த ரக வண்டியில் முன்சக்கரம் தானாக இழுக்காது. ஒரு ஆள் கீழே இறங்கி, ஒவ்வொரு முன்சக்கரத்தின் மையத்திலும் இருக்கிற திருகைக் கையால் திருப்ப வேண்டும். அதற்கு ஹப் போடுவது என்று பேர். திருகு தாழ்வாக இருக்கும். முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் சரியாகத் திருப்ப முடியும்.

"இறங்கி ஹப் போடு" என்றார் சகலை.

"நீங்க இறங்குங்க மாமா. பாரம் குறைஞ்சா வண்டி தானா மேல வந்துடும்."

தொப்பைக்காரரைக் கிண்டல் பண்ணினான், அவ்வளவுதான். தினமும் பண்ணுவதுதான். ஆனால் அன்றைக்கு அந்த சீட்டில் இருந்தபோது, கல்யாணத்தன்று வழுக்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து அவன் இத்தனை வருஷம் பண்ணின கிண்டல் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்ததாம். ஒன்றுகூட விட்டுப்போகவில்லையாம். காது இரண்டும் அடைத்துக்கொண்டு, பல் தானாகக் கடிபட்டதாம். இதெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னது.

மச்சினன் இறங்கினான். முதலில் அந்தப் பக்கச் சக்கரம். டக்... விழுந்தது. சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தான். சேற்றில் முட்டி போட்டான். பழக்கப்படி நிமிர்ந்து பார்த்தான். சகலையின் இரண்டு கையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. குனிந்து திருகைப் பிடித்தான்.

டக்.

சக்கரம் அவன் பக்கமாகத் திரும்பியது. பம்பர் முனை நெஞ்சில் இடித்து மல்லாக்கத் தள்ளியது. எழுவதற்குள் டயர் இடது காலில் ஏறியது. ஈர விறகை முட்டியில் கொடுத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே... அது.

ஒரு தடவை ஏறினால் விபத்து என்று சொல்லிவிடலாம். வண்டி நின்றது. கியர் பல் கடிக்கிற சத்தம் கேட்டது. நிதானமாகப் பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்து அதே காலில், அதே இடத்தில் ஏறியது. மறுபடி பின்னால். மறுபடி முன்னால்... மூன்றாவது தடவை விறகுச் சத்தம் வரவில்லை. ஒடிய ஒன்றும் மிச்சமில்லை. அவன் கத்தின கத்தலில் வாய்க்குள் சேறு போய்க் கத்தலும் நின்றுவிட்டது. அவ்வளவு நேரமும் சகலையின் இரண்டு கையும் வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தன.

"கால்?" என்று இப்போது புது டிரைவர் கேட்கிறான் பாருங்கள். டிரைவர் புத்தி. போலீஸும் அதைத்தான் கேட்டது. சகலை போலீஸிடம் வாயைத் திறக்கவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

"கால் ஆக்ஸிலேட்டர்லதான் இருந்துச்சு சகலை. எடுக்கப் பாத்தேன், முடியல. என் கால் மேல இன்னொரு கால் இருந்துச்சு."

செருப்பைக் கழற்றிக் காட்டினார். பாதத்தின் மேல்பக்கம் கன்றிப் போயிருந்தது. ஆணி அடித்த பூட்ஸ் அடிப்பாகம் அப்படியே பதிந்திருந்தது, குதிகால் வளைவு வரைக்கும். பூட்ஸ் போடுகிற ஆள் எங்கள் குடும்பத்திலேயே யாரும் கிடையாது.

"கால் அதோடது" என்றார். "கோபம் மட்டும் என்னோடது சகலை. அதை எப்படி இல்லன்னு சொல்றது?"

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வண்டியைத் தொடாமல் மச்சினனை முதுகில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறார். ஒரு தண்ணீர் லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான். உயிர் பிழைத்தது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மச்சினன் கண் விழித்ததும் போலீஸிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "ரெண்டு கையும் வெளிய இருந்துச்சு. மாமா மேல தப்பில்ல." என் மனைவி அதை நம்பவில்லை. அவள் அக்கா நம்பினாள். சண்டை அங்கே ஆரம்பித்ததுதான்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"கையைப் பாத்தேன் சின்ன மாமா. உண்மைதான். ஆனா மூஞ்சியையும் பாத்தேன்."

"என்னடா பாத்தே?"

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சகலைக்கு மனசு கேட்கவில்லை. வண்டி கொடுத்த அம்மாவைப் பார்க்கப் போனார். வாசலில் நின்றவரைப் பார்த்ததும் அந்த அம்மா முதலில் கேட்டது, "அடிபட்டது உங்க மச்சினனா?"

இவர் தலையாட்டினார்.

"என் தம்பியும் ஹப் போடத்தான் இறங்கினான்" என்றாராம். "வீட்டுக்காரர்தான் ஓட்டிட்டிருந்தார். அந்த ரோடுதான். மூணு தடவை ஏத்தினார். ஆக்ஸிடென்ட்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்கப்புறம் அவர் வீட்டுக்குள்ள உக்காந்ததே இல்ல. போய்ப் போய் அந்த சீட்லதான் உக்காருவார். அதுலயேதான் செத்தார்."

கதவைச் சாத்திக்கொண்டாராம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பல் டாக்டர் வண்டி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கதையுள்ள வண்டி கிடைப்பது அபூர்வமாம். சகலை பம்பரைக் கழுவப் போனால், "தொடாதீங்க, அப்படியே குடுங்க" என்றார். படித்த மனிதர். எங்கே போய் முட்டிக்கொள்வது? தொலைந்தால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள்.

தொலையவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் காலையில் இழுவை வண்டிக்காரன் அந்த வேகனைக் கொண்டுவந்து பட்டறைக்குள் தள்ளிவிட்டான். பணமும் திரும்ப வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "டாக்டரோட சம்சாரத்துக்குத் தம்பி, அவரு ஐசியூல இருக்காரு. எனக்கு வேற எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். இனிமேல் ஓடவே கூடாது என்று டாக்டரின் மனைவிதான் என்ஜினைப் பிடுங்கி உடைக்கச் சொன்னாராம். வெறும் கூடுதான் வந்தது.

"இரும்புக்கடையில போட்டிருக்கலாமே?" கண்டக்டர், சிரிப்பை விட்டுவிட்டு இப்போது கேள்வி கேட்கிறாயா? போடத்தான் பார்த்தார்கள். இரும்புக்கடைக்காரன் கேஸ் கட்டரோடு வந்து நின்றான். மச்சினன் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டான். "என் காலைக் குடுத்திருக்கேன். இது என் வண்டி" என்றான். கடைக்காரன் போன பிறகு கதவைத் திறந்து, ஏறி, அந்த சீட்டில் உட்கார்ந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். அக்காவைச் சமாதானப்படுத்தி எங்கள் வீட்டுக்குக் கூட்டி வரலாம், இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசிவிடலாம் என்றுதான் போனேன். பட்டறை கேட்டைத் தாண்டும்போதே சத்தம். டுக்... டுக்... டுக்... பழைய டீசல் வண்டி நின்ற இடத்தில் ஓடுகிற சத்தம். தரை அதிர்வது செருப்பு வழியாகத் தெரிந்தது.

உள்ளே மச்சினன் சீட்டில் இருந்தான். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சகலை முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கை ஹப் திருகின் மேல் இருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"எழுந்திருங்க சகலை. என்ன இது?"

"அவன் இன்னும் சொல்லல."

"என்ன சொல்லல?"

"எழுந்துக்கச் சொல்லல" என்றார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பானெட் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் சிமென்ட் தரை தெரிந்தது. சத்தம் அங்கேயிருந்துதான் வந்தது.

அக்கா அலமாரி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"தினமும் இப்படித்தான். இவன் கூப்பிடறான், அவர் போய் உக்காந்துக்கறார். வண்டி வந்தப்ப சுவரோரம் நின்னுச்சு. யாரும் தள்ளல. இப்பப் பாருங்க, டயருக்கும் அவர் காலுக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்கு. நான் யாரைத் தடுக்கறது? ஒருத்தன் தம்பி, ஒருத்தர் புருஷன். சொல்லுங்க, யாரைத் தடுக்கறது?"

எனக்கு வந்ததே ஆத்திரம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று ஜன்னலுக்குப் போனேன். என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. மச்சினன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். சின்னப் பையனிலிருந்து நான் பார்க்க வளர்ந்த முகம்... அந்தப் பார்வையை மட்டும் நான் பார்த்ததில்லை.

"சின்ன மாமா" என்றான், ரொம்ப மரியாதையாக. "அந்தப் பக்க ஹப் யாரும் போடல."

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திட்டுவதற்குத்தான். வண்டியைச் சுற்றிக்கொண்டு எப்போது போனேன், எப்போது உட்கார்ந்தேன்... தெரியாது. என் முட்டி தரையில் இருந்தது. கை திருகைப் பிடித்திருந்தது. திருகு சுட்டது, இப்போதுதான் நூறு மைல் ஓடி வந்து நின்ற வண்டி மாதிரி. அக்கா ஓடி வந்து என் காலரைப் பிடித்து இழுத்ததில் பட்டன் தெறித்து, அப்படியே வாசல் வரைக்கும் இழுபட்டு வந்தேன். அவள் புருஷனை அவளால் இழுக்க முடியவில்லை.

நாளை ஞாயிறு. காலையில் முதல் டிரிப்பை முடித்துவிட்டால் எனக்கு ஓய்வு. இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று மனைவியிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவனும் என்னைக் கூப்பிடவில்லை. இன்றைக்கு மத்தியானம் நானேதான் அவனுக்குப் போன் பண்ணினேன். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அதனால்தான் உங்களைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"சரி மாமா" என்றான். "பழைய பேன்ட் ஒண்ணு எடுத்துக்கங்க. முட்டி அழுக்காயிடும்."

எடுத்து வைத்துவிட்டேன். தலைக்கு வைத்திருக்கிறேனே, இந்தப் பையில்தான் இருக்கிறது.